அருவியை இரைச்சல் என்றவர்கள்

நேற்று தென்காசியில் நம் பழைய கேசட் கடையைத் தாண்டிப் போனேன். இப்போது அது செல்போன் கடை. உள்ளே உன் படத்தை மாட்டியிருக்கிறார்கள். அதன் முன்னால் எரிந்த ஊதுபத்தியின் வாசனை ரோடு வரைக்கும் வந்தது. வயதாகிப்போன கடைக்காரர் யாரிடமோ, "நம்ம ஊர்க்காரன்லா! கிட்டார்ல பெரிய மேதை" என்று அளந்துகொண்டிருந்தார். உன் இரண்டாவது கேசட்டைக் கட்டுக்கட்டாகத் திருப்பி அனுப்பிய அதே அண்ணாச்சி! செத்தவனுக்கு மேதைப் பட்டம் கொடுப்பது செலவில்லாத காரியம்.

எண்பதுகளின் தொடக்கம். மெட்ராஸில் நாம் இருந்த ராக் குழுவை விட்டுவிட்டு நீ தனியாகப் போட்ட முதல் கேசட், கல்யாண வீடுகளில் எல்லாம் அலறியது. உனக்கு அதில் ஒரே வெட்கம். "பந்தி வெளம்புததுக்காலே நான் கிட்டார் படிச்சேன்?" என்பாய். அடுத்ததைக் குற்றாலத்தில்தான், அதுவும் சீசனில்தான் பதிவு செய்வேன் என்று ஒற்றைக்காலில் நின்றாய்.

வாடகை வீட்டு ஜன்னல் வழியாகச் சாரல் உள்ளே அடித்தது. கிட்டார் கம்பிகள் துருவேறின. மின்சாரம் நினைத்தபோது வந்தது. நான் பேஸ் கிட்டாரைத் துண்டால் துடைத்தபடி உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். நீயோ மைக்குக்குக் குடை பிடித்துக்கொண்டு பேரருவிக்குக் கிளம்பினாய். ஒவ்வொரு பாட்டும் அருவிச் சத்தத்தில் தொடங்க வேண்டுமாம், பிறகுதான் கிட்டாராம்.

மெட்ராஸிலிருந்து வந்திருந்த ஒலிப்பதிவாளர் தலையில் அடித்துக்கொண்டார். "சார், கேக்கறவங்க டேப் கெட்டுப்போச்சுன்னு நினைப்பாங்க."

"மெட்ராஸ்காரன் நெனப்பான். எங்க ஊர்க்காரனுக்கு அருவிச் சத்தம் தெரியாதா?" என்று சிரித்தாய். வேறெங்கும் ஓடாவிட்டாலும் தென்காசி கேட்டால் போதும் உனக்கு.

கேசட் வந்த வாரம் அந்தக் கடையில்தான் நின்றிருந்தோம். ஒருவர் உன் கேசட்டைத் திருப்பிக் கொண்டுவந்தார். தலையில் எண்ணெய்ப் பிசுக்கு, தோளில் ஈரத்துண்டு. அருவியில் குளித்துவிட்டு நேரே வருகிறார்.

"அண்ணாச்சி, ஒரே இரைச்சலா கேக்குது. வேற கேசட் தாரும்."

அண்ணாச்சி பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து டேப் ரெக்கார்டரின் ஹெட்டைத் துடைத்தார். போட்டுப் பார்த்தார். மறுபடி துடைத்தார். "பீஸே கோளாறு" என்று தீர்ப்புச் சொன்னார். காதில் புகுந்த அருவித் தண்ணீர்கூட இன்னும் வடியாத அந்த ஆளை நீ பார்த்துக்கொண்டிருந்தாய். அவருக்குப் பின்னால் இன்னும் பலர் வந்தார்கள். சீசன் தவறாமல் குற்றாலத்தில் அறை எடுக்கிற ஒரு விமர்சகர், 'ஒலிப்பதிவில் குறைபாடு' என்று பத்திரிகையில் எழுதினார். காது என்று எதை வைத்திருந்தார்களோ!

கம்பெனி அருவியை வெட்டி எறிந்துவிட்டு மறுபடி வெளியிட்டது. நீயும் சம்மதித்தாய். அது விற்றது, அதையும் போட்டுப் பந்தி வைத்தார்கள். அந்தச் சம்மதத்துக்காக உன்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை. கேட்டதற்கு, "இவனுவளுக்குத்தானலே எடுத்தேன். வேண்டாங்கானுவ" என்றாய். மூன்றாவது கேசட் என்று ஒன்று வரவே இல்லை.

சீசன் வந்தால் நான் பேரருவிக்குப் போகிறேன். தலையைக் கொடுத்து நிற்பேனே தவிர குளிப்பதில்லை. உன் கிட்டார் இப்போது தொடங்கிவிடும் என்று காத்திருக்கிறேன். அதற்குள் பின்னால் நிற்பவன் முதுகில் கை வைத்துத் தள்ளுகிறான்.

"குளிச்சாச்சுலா, நகரும்வே!"

நகர்ந்துவிடுகிறேன். அவனிடம் போய் என்னத்தைச் சொல்ல?