மஞ்சட்கரு பசந்தது குறித்து வேலங்கரை அரசிக்கு

ஆறு வற்றாத, ஏர் சாயாத வேலங்கரை நாடு நலம் பெருகி நிற்க. அந்நாடுடைய கொற்றமாதேவியார் திருமுன், நீலவரை அரண்மனை மடைப்பள்ளிக்கு நாற்பதாண்டு காவல் நின்ற சேந்தன் எயினன், தலை தாழ்த்தி விடுக்கும் ஓலை. எயினனுக்கு எழுத்து வராது. அவன் சொல்ல ஓலைக்காரன் எழுதினான். அவனையும் நம்பாமல் மும்முறை படிக்கச் சொல்லிக் கேட்டான்.

சமாதான விருந்தில் இரு நாட்டாரும் ஒரே கூடையிலிருந்து அவித்த முட்டை எடுத்து, தம் கையாலேயே ஓடுரித்து உண்பது முன்னோர் வைத்த வழக்கம்; ஓட்டுக்குள் எவனும் கைவைக்க முடியாதல்லவா? தேவியார் தம் முட்டையைப் பிளந்தபோது, மஞ்சட்கருவைச் சுற்றிப் பச்சை வளையம் கண்டு நஞ்சென்று எழுந்தார். அவித்தவளான பூதியை விலங்கிட்டு ஆற்றுக்கு அப்பால் கொண்டுபோனார். பௌர்ணமியன்று அவள் தலை விழும் என்று ஆள் வந்து சொன்னான். எங்கள் வேந்தர் முட்டையிலும் அவ்வளையம் இருந்திருக்கும். அவர் எதையும் பிளந்து பார்ப்பவரல்லர், இரண்டே கடியில் விழுங்கிவிட்டார்.

குற்றம் எயினனுடையது. அடுப்பங்கரையில் ஒருவரையும் நம்பாதவன் ஆகையால், அன்று தானே பானைக்கு முன் குந்தியிருந்தான். போதும் ஐயா, இறக்கிடுறேன், கரு கறுத்துப்போகும் என்று பூதி இருமுறை சொன்னாள். எத்தனை பேரைப் பார்த்திருக்கேன், வாயை மூடடி என்று அதட்டி, ஒன்றரை நாழிகை கொதிக்கவிட்டான். அதிகம் வெந்தால் எந்த முட்டையும் பசக்கும். இதை எழுதினால் நம் நாட்டுக்கு இழிவு ஐயா என்று ஓலைக்காரன் இழுத்தான். எழுதடா என்றான் கிழவன்.

தேவியார் நம்ப வேண்டா. தம் வீட்டுக் கோழி முட்டைகளையே இரு பானையில் இடுக. ஒன்றை அரை நாழிகையில் இறக்கிக் கிணற்று நீரில் போடுக. மற்றதை ஒன்றரை நாழிகை விடுக. பிளந்தால் தெரியும். முட்டை அன்றே இட்ட புதிதாக இருக்கலாகாது. அது ஓட்டோடு சதையையும் பிய்த்துக்கொண்டு வரும். உரிப்பதற்கு ஆளுக்கொரு வழி சொல்வார்கள். எயினன் மனைவி இருந்தவரை நீரில் கல்லுப்பு அள்ளிப் போடுவாள். படைவீரர் சட்டியில் மூடிக் குலுக்குவார்கள். பாதி முட்டை கூழாகும். பூதி அகன்ற முனையைத் தட்டி, உள்ளங்கையில் உருட்டி, நீருக்குள் வைத்தே உரிப்பாள். ஓடு சட்டை கழற்றியதுபோல் வரும். அவளையே உரிக்கச் சொல்லிப் பார்க்கலாம், விலங்கைக் கழற்றினால்.

இவ்வோலை கைக்கு வரும் நேரம், எயினன் தேவியாரின் ஆற்றுத்துறையில் ஆயுதமின்றி உட்கார்ந்திருப்பான். பச்சை வளையம் வராவிட்டால் அவ்விலங்கு அவனுக்கு ஆகுக. கிழட்டு மணிக்கட்டு, இறுக்கிப் பூட்டச் சொல்லுக. அவனை மீட்க நீலவரையிலிருந்து ஒருவனும் படகேறலாகாது. இது அவன் தன் காவலர்க்கு இட்ட கடைசி ஆணை.

மடைப்பள்ளிச் சாவி இலச்சினையாக இவ்வோலையில் கட்டப்பட்டது. நாற்பதாண்டில் அது வேறொரு கைக்குப் போனதில்லை. அதைப் பூதியிடம் கொடுத்து, இவ்வொரு வரியை மட்டும் அவளுக்குப் படித்துக் காட்டுக: நீ சொன்னபோதே இறக்கியிருக்கலாம்.