மூன்றை ஏழாக்கிய மெமரி

ஜூன் 14, திங்கள்

காலையிலிருந்து சாரல். பீளமேட்டில் பஸ் இறங்கி கம்பெனி வாசலுக்கு வருவதற்குள் புடவைக் கரையெல்லாம் சேறு.

புது பம்ப்புக்கு இம்பெல்லர் கணக்கு. உள்ளே சுழலும் சக்கரத்தின் இதழ் அளவுகள், அறுபது வரி. பிரிண்ட் எடுத்தேன். தாளில் டீயைக் கொட்டிவிட்டேன். மறுபடி ஓட்டி இன்னொன்று எடுத்தேன். இரண்டும் ஒன்றாயில்லை! 22-ஆம் வரி ஒன்றில் 31.2, மற்றதில் 35.2. அதே புரோகிராம், அதே விவரங்கள். கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். 31.2 தான் சரி.

வீட்டில் இவரிடம் சொன்னேன். "பிரிண்டர் ரிப்பன் மாத்து" என்றார். ரிப்பன் மாற்றினால் எண் மாறுமா?

கேஸ் புக் பண்ண மறந்தேன்.

ஜூன் 15, செவ்வாய்

மழை இல்லை. நல்ல காற்று.

கணக்கை இருபது தடவை ஓட்டவிட்டேன். நான்கில் தப்பு. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு வரி. ஆனால் தப்பு ஒரே மாதிரி:

1 → 5
3 → 7
0 → 4
மறுபடி 3 → 7

எப்போதும் நாலு கூடுகிறது. ஒருபோதும் குறைவதில்லை. மதியம் சாப்பிடும்போதும் இதே நினைப்பு. கம்ப்யூட்டருக்குள் எழுத்து, எண் எல்லாமே எட்டு புள்ளிகள்தான். எரிந்தால் ஒன்று, அணைந்தால் சுழி. அதில் ஒரு புள்ளியின் மதிப்பு நாலு. அணைந்திருக்க வேண்டியது எரிவதாகப் படிக்கப்படுகிறது. அப்படியானால் கோளாறு மெமரியில்.

ஏப்ரலில் இரண்டாவது மெமரி கார்டு வாங்கிப் போட்டோம். அதைக் கழற்றினேன், தப்பில்லை. பழையதைக் கழற்றிப் புதியதை மட்டும் வைத்தேன், அப்போதும் தப்பில்லை. இரண்டும் சேர்ந்தால் மட்டும் தப்பு. கல்யாணம் ஆனவர்கள் மாதிரி.

ஒரு கார்டு மட்டும் போதாது. பெரிய டிராயிங் திறக்காது.

ஜூன் 16, புதன்

விடிந்ததும் பல் தேய்க்கும்போது ஞாபகம் வந்தது. நாற்பத்து மூன்று, நாற்பத்து ஏழு.

ஆரோக்கியசாமி.

வார்ப்புக்கு மர அச்சு செய்பவர். பதினாறு வருஷம் எங்களிடம். மே மாதம் இதே கம்ப்யூட்டர் கொடுத்த தாளைப் பார்த்து ஒரு அச்சு செய்தார். இதழ் அகலம் 43 இருக்க வேண்டிய இடத்தில் 47. வார்த்த சக்கரங்கள் பன்னிரண்டும் பம்ப் உடலுக்குள் நுழையவில்லை. உடைத்து உருக்கினார்கள். "தாள்ல நாப்பத்தேழுதானுங்க இருந்துச்சு" என்றார். அந்தத் தாள் எண்ணெயில் ஊறிக் குப்பைக்குப் போய்விட்டது. நான் மறுபடி பிரிண்ட் எடுத்து நீட்டினேன். 43.

முதலாளி வேலுச்சாமி அண்ணன் எல்லார் முன்னாலும், "கண்ணு தெரியலைன்னா வாயைத் தொறந்து சொல்லோணும்" என்றார். ஆரோக்கியசாமி தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த வாரம் வேலையை விட்டுப் பெருந்துறைக்குப் போய்விட்டார்.

அந்தத் தாளை நீட்டியவள் நான்.

இன்று வேலை எதுவும் ஓடவில்லை.

ஜூன் 17, வியாழன்

கார்டுகளைச் செருகும் மதர்போர்டு விற்ற கடைக்குப் போன். "ரெண்டு கார்டும் நல்லாத்தானுங்களே இருக்குது" என்றார்கள். அவர்கள் சொல்வதும் பொய்யில்லை.

போர்டுடன் வந்த புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். ஆன் செய்ததும் டெலீட் கீயை அழுத்தினால் நீலத் திரை. பயாஸ், கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் இடம். அதில் மெமரிக்குப் போகும் வோல்டேஜைக் கூட்டலாமாம். 3.3, 3.4, 3.5. இத்தனை நாளாக அந்தத் திரையை தேதி மாற்ற மட்டும் திறந்திருக்கிறேன்!

எலக்ட்ரிக்கல் ஆளிடம் மீட்டர் வாங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு மெமரி கார்டுக்கு மின்சாரம் போகும் காலில் வைத்தேன். 3.3 என்று திரை சொல்கிறது. மீட்டர் 3.17. ஒரு கார்டு மட்டும் இருந்தால் 3.26. இரண்டு பேருக்கும் சோறு பற்றவில்லை.

3.4 வைத்தேன். நூறு ஓட்டம், இரண்டு தப்பு.
3.5 வைத்தேன். நூறு ஓட்டம். தப்பே இல்லை. இன்னொரு நூறு. இல்லை.

கார்டைத் தொட்டுப் பார்த்தேன். இளஞ்சூடு, அவ்வளவுதான். தனியாக உட்கார்ந்து சிரித்தேன். பிறகு ஆரோக்கியசாமி முகம்.

ஜூன் 18, வெள்ளி

அண்ணனிடம் சொன்னேன்.

"ஏனம்மணி, கம்ப்யூட்டர் போயி தப்பு பண்ணுமா?"

"பண்ணுதுங்கண்ணா. பக்கத்துல ஒக்காந்து பாருங்க."

வோல்டேஜைப் பழையபடி 3.3-க்கு இறக்கி ஓட்டினேன். ஐந்து தடவை சரி. அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார். ஆறாவது தடவை, 13 இருக்க வேண்டிய இடத்தில் 17. விரலை வைத்துக் காட்டினேன். அவர் குனிந்து எண்ணைப் பார்த்தார். எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

"அந்த மனுசனை அத்தனை பேரு முன்னால பேசிப்போட்டேன்."

"தாளைக் குடுத்தது நானுங்க."

"ஞாயித்துக்கெழமை ரெண்டு பேரும் போலாம்."

ஜூன் 20, ஞாயிறு

பெருந்துறை. அண்ணனே கார் ஓட்டினார். தொழிற்பேட்டைக்குப் பின்னால் சின்ன வாடகை வீடு. ஆரோக்கியசாமி அப்போதுதான் மாதா கோயில் பூசை முடிந்து வந்திருந்தார். நாற்காலி போட்டார்கள். அண்ணன் உட்காரவில்லை.

"ஆரோக்கியம், தப்பு உங்க மேல இல்லீங்க. மெசினு மேல. அதை நம்புன தப்பு எம்மேல."

அவரை அண்ணன் 'ங்க' போட்டுப் பேசி இன்றுதான் கேட்டேன்.

ஆரோக்கியசாமி நாற்காலியை அண்ணன் பக்கம் நகர்த்தினார். பிறகு, "நான் இங்க பேக்கிங்லதானுங்க இருக்கறேன். அளவு பாக்கற வேலையே வேண்டாம்னு நானே சொல்லிப்போட்டேன்" என்றார்.

அவர் மனைவி கதவோரத்திலிருந்து, "ரெண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாருங்க. கண்ணுல கொறையில்லைன்னாங்க. இவுரு நம்பலீங்க."

நாலு கூடும் விஷயத்தை விளக்கினேன். பென்சிலை வாங்கி அவரே போட்டுப் பார்த்தார். சட்டென்று நிமிர்ந்தார்.

"ஒம்போதோட நாலு கூட்டுனா பதிமூணாச்சுங்களே. அதை எப்படிங்க ஒரே எடத்துல போடும்?"

பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

"ஏன்னா, அந்தத் தாள்ல ஒரு எடத்துல ரெண்டு போட்டு, பக்கத்துல சமக்குறி இருந்துச்சுங்க. மேல இருபத்தெட்டு, கீழ முப்பது. இருபத்தொம்போதுன்னு நானே வெச்சுக்கிட்டேன். அதை யாரும் கேக்கலீங்க, நானும் சொல்லலீங்க."

திரும்ப வரச் சொல்லிக் கேட்டார் அண்ணன். யோசித்துச் சொல்கிறேன் என்றார் ஆரோக்கியசாமி.

ஜூன் 21, திங்கள்

கேஸ் வந்துவிட்டது. சாரல்.

கம்பெனிக்கு வந்ததும் வராததுமாக, பிரிண்டரோடு வந்த புத்தகத்தின் கடைசியில் இருந்த அட்டவணையைப் பார்த்தேன். கம்ப்யூட்டருக்குள் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண். 3-க்கு 51, நாலு கூட்டினால் 55, அது 7. இது தெரிந்ததுதான். 9-க்கு 57. நாலு கூட்டினால் 61. விரலை வரியில் ஓட்டிக்கொண்டு போனேன்.

61: சமக்குறி.

பெருந்துறை கம்பெனிக்குப் போன் போட்டு அவரை லைனில் பிடித்தேன். சொன்னேன். ஒன்பதுதான் சமக்குறியாகியிருக்கிறது, நீங்கள் வைத்த இருபத்தொன்பது சரி என்று.

"சமக்குறி தப்புன்னு பாத்ததும் தெரிஞ்சுதுங்க அம்மணி. அந்த நாப்பத்தேழு இருக்குதுங்களே, நல்ல நம்பராட்ட வந்து ஒக்காந்துக்கிச்சு."

பிறகு சிரித்தார். பதினாறு வருஷத்தில் அவர் சிரித்து நான் கேட்டதில்லை.

"ஒண்ணாந்தேதி வாரேனுங்க. ஒத்துப் பாக்கறதுக்கு இனி தாள் மட்டும் ரெண்டா குடுங்க."