மலைப்படியில் ரெண்டு தட்டு

வைசாக்,
ஞாயிறு சாயங்காலம்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். அங்கே மெட்டுகுடாவில் உங்க முழங்கால் வலி எப்படி இருக்கு? இதை போன்ல சொன்னா என் குரல் நடுங்கும், அதான் எழுதுறேன்.

இன்னைக்கு லீவு. தனியாவே ஊரை நடந்து பார்த்தேன். கடலைப் பார்த்தபடியே தெருவெல்லாம் ஏத்தமும் இறக்கமும்தான். மாதா கோயில் மலைப்படியில் கைப்பிடிக் கம்பியைப் பிடிச்சு ஏறும்போது, பின்னாலே கம்பியில் கணீர்னு ரெண்டு தட்டு. மௌலா அலி ரயில்வே யார்டில் அப்பா வண்டிச் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பாரே, அதே தட்டு. திரும்பினா ஒருத்தருமில்லை. இன்னும் நாலு படி ஏறினதும் மறுபடி ஒரு தட்டு. இந்தத் தடவை 'டொக்'னு செத்த சத்தம். விரிசல் விட்ட சக்கரம் அப்படித்தான் கேட்கும்னு அப்பா சொல்வாரே. சட்டுனு கையை எடுத்துட்டேன். பார்த்தா கம்பி அடியிலே துருப்பிடிச்சு அத்துப்போயிருக்கு. கீழே பாறைதான். எனக்கு ஒண்ணும் ஆகலை, பயப்படாதீங்க.

நாரத்தங்காய் ஊறுகாய் கொஞ்சம் அனுப்புங்க. ஒரு ஆளுக்குக் குழம்பு வைக்க மனசு வரலை. அப்பா சுத்தியலைப் பழைய இரும்புக்குப் போட்டுடாதீங்க.

இருட்டிடுச்சு, முடிக்கிறேன். அப்பா தவறினதிலிருந்து தினம் சாயங்காலம் யாரோ நம்ம கேட்டை ரெண்டு தட்டு தட்டுறாங்கன்னு சொன்னீங்க. காத்துதான்னு சிரிச்சேன். இனிமே அந்தச் சத்தம் கேட்கலைன்னா தேடாதீங்கம்மா. அவர் இங்கே வந்திருக்கார்.

உங்க ஜெசிந்தா