ஃப்ரிட்ஜுக்குக் கணப்பு வைத்தவளுக்கு

என் அம்மா வெள்ளையம்மாளுக்கு,

நீ இருக்கும் இடத்தில் குளிர் இல்லாமல் இருக்கட்டும்.

நான் இப்படியெல்லாம் எழுதுகிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். செத்தவர்களுக்குக் கடிதம் போய்ச் சேராது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் உன்னைப் பற்றி நான் சொன்ன ஒரு சொல் சொந்தக்காரர்கள் அத்தனை பேரிடமும் போய்ச் சேர்ந்துவிட்டது. அம்மாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்றேன். அதைத் திரும்ப வாங்க வேண்டியிருக்கிறது. அதனால் நாலு பேர் படிக்கும் இடத்தில் எழுதுகிறேன்.

இந்த மார்கழியில் ஃப்ரிட்ஜில் ஐஸ் விழுவது மறுபடியும் நின்றுவிட்டது அம்மா. வீட்டில் என்னைத் தவிர யாரும் இல்லை.

உனக்குத் தெரிந்த கதையைப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். அப்பா போன பிறகு பூம்பாறை நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு என்னோடு கொடைக்கானலில் இருக்க வந்தாய். வருவதற்கு முன் பூண்டு வயலில் வழுக்கி விழுந்ததில் உன் முழங்கால் வீங்கியிருந்தது. காலையும் மாலையும் ஐஸ் ஒத்தடம் கொடுக்கச் சொன்னார் டாக்டர். ஊரைக் காலிசெய்துகொண்டு போன ஒரு குடும்பத்திடம் பெரிய வெளிநாட்டு ஃப்ரிட்ஜ் ஒன்றை வாங்கினேன். மேலே ஃப்ரீசர். அதற்குள், தானாகவே தண்ணீர் பிடித்து, உறையவைத்து, கட்டிகளைத் தட்டில் தள்ளிவிடும் ஐஸ் மேக்கர். "ஊரே ஐஸா கெடக்கு, இதுல ஐஸ் போட ஒரு மெஷினா?" என்று சிரித்தாய். முதல் கட்டிகள் விழுந்தபோது, "யாருத்தா கல்லெறியிறது?" என்று வாசலுக்குப் போய்ப் பார்த்தாய்.

சமையலறையில் இடம் இருந்தது. நான்தான் அதை வடக்குப் பக்கத்துப் பின்னறையில் வைத்தேன். வெயிலே படாத அறை. குளிர்ந்த அறையில் ஃப்ரிட்ஜுக்கு வேலை குறைவு, கரண்டும் மிச்சம் என்று கணக்குப் போட்டேன். இந்த ஊரில் நிறையப் பேர் போடும் கணக்குதான்.

கார்த்திகைக் கடைசியில் ஐஸ் நின்றது. நான் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறவள். மெக்கானிக்கைக் கூப்பிடாமல் நானே பார்த்தேன். தண்ணீர்க் குழாயைக் கழற்றி வாளியில் பிடித்தேன், தண்ணீர் வந்தது. தட்டு நிறைந்தால் ஐஸை நிறுத்தும் கம்பி, சரியாகக் கீழே இறங்கித்தான் இருந்தது. கதவு ரப்பருக்கு நடுவில் ஒரு தாளைச் செருகி இழுத்தேன். இறுக்கிப் பிடித்துக்கொண்டது. பிறகு தெர்மாமீட்டரை ஃப்ரீசருக்குள் வைத்தேன். மைனஸ் பதினெட்டு இருக்க வேண்டிய இடத்தில் மைனஸ் மூன்று. தட்டிலிருந்த பழைய கட்டிகள் உருகி, மறுபடி உறைந்து, ஒரே பாறையாக ஒட்டிக் கிடந்தன. கதவு திறந்து கிடந்தால் அப்படித்தான் ஆகும். மெஷினில் குறை இல்லை என்றால் மிச்சம் இருந்தது நீதான்.

"அம்மா, ஃப்ரீசர் கதவைத் திறந்து போட்டியா?"

"நான் தெறக்கவே இல்லியேத்தா."

"திறந்துட்டு மறந்திருப்ப."

"ஐஸே இல்லைன்னு நீதான சொன்ன? இல்லாததை எடுக்க நான் எதுக்கு அதைத் தெறக்கப் போறேன்?"

என் மாணவி ஒருத்தி இப்படிக் கேட்டிருந்தால் அவளைப் பாராட்டியிருப்பேன். உன்னிடம் அதை அடம் என்று எடுத்துக்கொண்டேன். அன்று கதவின் இடுக்கில் ஒரு காகிதத் துண்டை ஒட்டிவைத்துவிட்டுக் கல்லூரிக்குப் போனேன். சாயங்காலம் அது கிழிந்திருந்தது. கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷத்தோடு உன் முன்னால் அதை ஆட்டினேன். "நீ காலையில வஞ்சியேன்னு, மூடித்தான் இருக்கான்னு ஒருதரம் தெறந்து பாத்தேன்" என்றாய்.

தை பிறந்த பிறகு ஒரு நாள் மத்தியானமே வீடு திரும்பினேன். பின்னறையில் கரிச்சட்டி கனன்றுகொண்டிருந்தது. பக்கத்தில் நீ காலை நீட்டி உட்கார்ந்திருந்தாய்.

"என்னம்மா பண்ற?"

"பொட்டிக்குக் குளிருதுத்தா. கணப்பு வச்சா ஐஸ் விழுகுது. நேத்தும் வச்சேன், விழுந்துச்சு. இன்னைக்கும் விழுந்துருக்கு. தட்டைப் பாரு."

நான் தட்டைப் பார்க்கவில்லை. ஒரு சொம்புத் தண்ணீரைக் கரியில் ஊற்றினேன். மூடிய அறையில் கரிப்புகை ஆளைக் கொல்லும், அந்தப் பயம் நியாயம்தான். தட்டைப் பார்க்காததற்கு அது காரணம் இல்லை. ஐஸ் உறைய நெருப்பு வைக்கிற மனுஷியிடம் பார்க்க இனி என்ன இருக்கிறது என்று நினைத்தேன். டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனபோது, நீ வாயைத் திறப்பதற்கு முன் இந்தக் கதையை நானே சொல்லி முடித்துவிட்டேன். அவர் தலையாட்டினார். அதற்குப் பிறகு உன்னிடம் அவர் கேள்விகள் கேட்டாலும், உன் பதில்கள் அவருக்குப் பெரிதாகத் தேவைப்படவில்லை.

மாசியில் உன்னைத் திண்டுக்கல்லில் தம்பி தங்கபாண்டி வீட்டில் விட்டேன். தீ வைத்துவிடுவாய் என்று சமையலறையைப் பூட்டச் சொன்னது நான். அவர்கள் பூட்டினார்கள். ஒரு விசேஷத்துக்குச் சொந்தக்காரர்கள் கூடியிருந்தபோது தம்பி மனைவி சுமதி, "அத்தை, எங்க ஃப்ரிட்ஜுக்கு அடுப்பு வேணாங்க, அது திண்டுக்கல் வெயில்லயே ஐஸ் போட்டுரும்" என்றாள். சித்தப்பா விடவில்லை. "மதினி, கணப்பை மேல்தட்டுல வைக்கணுமா, கீழ்த்தட்டுலயா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நீயும் எங்களோடு சேர்ந்து சிரித்தாய்.

"எப்பத்தா என்னையக் கூட்டிட்டுப் போவ? இங்க ஒரு சோலியும் இல்ல. உக்காந்தே கெடக்கேன்" என்று போனில் கேட்பாய். குளிர் குறையட்டும் என்றேன். குளிர் குறைந்தது. சித்திரையும் வந்து போனது. அடுத்த தையில் நீ போய்ச் சேர்ந்தாய்.

உனக்கு மறதியே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டிருக்கிறாய். என்னைச் சித்தி பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாய். போன வாரம் நான் கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு வகுப்பு முழுக்கத் தேடினேன். என்னை யாரும் திண்டுக்கல்லுக்கு அனுப்பவில்லை.

நீ திண்டுக்கல்லுக்குப் போனதிலிருந்து அணைத்தே கிடந்த ஃப்ரிட்ஜை இந்தக் கார்த்திகையில் மறுபடி போட்டேன். எனக்குக் கணுக்கால் பிசகியிருந்தது. இரண்டு வாரம் ஐஸ் விழுந்தது. அப்புறம் நின்றது. அதே பாறை, அதே மைனஸ் மூன்று. அதன் முன்னால் வெகுநேரம் நின்றேன். குற்றம் சாட்ட யாரும் கிடைக்காததால்தான் இந்தத் தடவை மெக்கானிக்கைக் கூப்பிட்டேன்.

பெருமாள்மலையிலிருந்து அந்தோணி என்று ஒருவர் வந்தார். ஃப்ரிட்ஜைத் திறப்பதற்கு முன் அறைச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"டீச்சர், இதுல ரிப்பேர் ஒண்ணும் இல்லைங்க."

"ஐஸ் வரலையே."

"எப்படிங்க வரும்? இந்த மாடல்ல குளிர் பாக்குற சென்சார் கீழ ஒண்ணே ஒண்ணுதான். ராத்திரியில இந்த ரூமே ஃப்ரிட்ஜாட்டம் ஆகிப்போகுது. கீழ போதுமான குளிர் இருக்குன்னு கம்ப்ரஸர் படுத்துத் தூங்கிரும். அது ஓடலைன்னா மேல ஃப்ரீசர் என்னத்துக்கு ஆகும்? நல்லா வெறச்சாத்தான் ஐஸ் மேக்கர் கட்டியத் தள்ளும்."

"இப்ப என்ன செய்யணும்?"

"சமையக்கட்டுக்கு மாத்திருங்க. வெரசா ஐஸ் வேணும்னா இந்த ரூமைச் சூடு பண்ணுங்க. ஒரு கணப்பு வச்சாக்கூடப் போதும், சாயங்காலத்துக்குள்ள விழுகும். சிரிக்காதீங்க டீச்சர், நெசமாத்தான் சொல்றேன்."

நான் சிரிக்கவில்லை.

அவர் போன பிறகு ஒரு தெர்மாமீட்டரை அறைச் சுவரில் மாட்டினேன். ஆறு டிகிரி. ஹீட்டரைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் கம்ப்ரஸர் உறுமிக்கொண்டு கிளம்பியது. சாயங்காலம் ஐந்து மணிக்குக் கட்டிகள் தட்டில் விழுந்தன. முதல் தடவை ஐஸ் நின்ற அன்றைக்கு நான் செய்ய வேண்டியிருந்தது, அறையின் சூட்டை ஒரே ஒரு தடவை அளப்பதுதான். முதல் வருஷப் பிள்ளைகளுக்கு அதைத்தான் முதலில் சொல்லிக்கொடுக்கிறேன், சுற்றுப்புறத்தை அளந்துகொள் என்று.

தங்கபாண்டிக்குப் போன் செய்தேன். முழுவதையும் கேட்டான்.

"விடுங்கக்கா. இப்ப பேசி என்ன ஆகப்போகுது?"

"தெவசத்துக்கு எல்லாரும் பூம்பாறை வீட்டுக்கு வருவாங்கல்லடா. அங்க வச்சுச் சொல்லணும்."

"என்னன்னு சொல்லுவீங்க? நல்லா இருந்த மனுஷியத்தான் கிறுக்குன்னு சொல்லி அடுப்படியப் பூட்டி வச்சோம்னா? சுமதி மூஞ்சிய எங்க கொண்டுபோய் வச்சுக்குவா?"

"நான் சொன்னதுதான் தப்புன்னு சொல்றேன்."

"பூட்டுனது நாங்கதான? அதைப் பேசுறதா இருந்தா நீங்க பூம்பாறைக்கு வரவே வேணாம்க்கா."

அவன் கெட்டவன் இல்லை. கடைசி மாதம் உன்னைத் தூக்கிக் குளிப்பாட்டியவன் அவன்தான். அப்போது நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அவன் சொன்னபடி விட்டுவிடலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். விட்டுவிடவும் செய்திருப்பேன். நீ கடைசியாகப் போனில் பேசியது மட்டும் நினைவுக்கு வராமல் இருந்திருந்தால்.

"நான் அந்தக் கதவத் தெறந்துதான் போட்டேனாத்தா?" என்று கேட்டாய். "போட்டுத்தான் இருப்பேன். நீ படிச்சவ, பொய்யா சொல்லப்போற? எனக்குத்தான் ஞாபகமில்ல."

"பரவாயில்லம்மா, போகட்டும்" என்றேன். செய்யாத தப்புக்கு உன்னை மன்னித்தேன். அதற்கு நீ எனக்கு நன்றி சொல்வதுபோலச் சிரித்தாய். உன் நினைவை நீயே நம்பாமல் போனது எந்த மாதத்திலிருந்து? பூட்டிய சமையலறைக்கு வெளியே உட்கார்ந்துகொண்டு, திறக்காத ஒரு கதவைத் திறந்ததாக எத்தனை தடவை நினைத்துப் பார்த்தாய்?

உன்னிடம் மன்னிப்புக் கேட்க மாட்டேன் அம்மா. கேட்டால் கொடுத்துவிடுவாய்.

வரும் தையில் உன் தெவசத்துக்கு வருவேன். இலை போடுவதற்கு முன், சித்தப்பா, சுமதி, தங்கபாண்டி, அன்றைக்குச் சிரித்த எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது, "எங்கம்மா கதவைத் திறக்கவில்லை, அவள் சொன்னதெல்லாம் சரி, எனக்குத்தான் தெரியவில்லை" என்று சொல்வேன். வெளியே போகச் சொன்னால் தெருவில் நின்று சொல்வேன். சாப்பிடாமல் திரும்பி வருவேன். அதற்குப் பிறகு அவர்கள் என்னோடு பேசாமல் போனால் போகட்டும்.

நீ சொன்னதை நம்பாத உன் மூத்த மகள்,
தனலட்சுமி