நாற்பத்தாறு கடையும் நம் வீட்டில்

சேசு மரி சூசை துணை
பருத்திப்பட்டு

அன்பு மகன் ஆன்சனுக்கு,

அம்மா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், அந்தக் கனடா குளிரில் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபமாலையில் உனக்கென்று தனியாகச் சொல்கிறேன். அப்பாவுக்கு முட்டிவலி பரவாயில்லை, ஏரிக்கரை வரை நடந்துவிட்டு வருகிறார். போனில் சொல்லாமல் கடிதம் எதற்கு என்பாய். போனில் நீ நடுவில் பேசுவாய். கடிதத்தில் கடைசி வரை நான்தான் பேசுவேன், அதனால்தான்.

எங்கள் மசாலா கம்பெனியில் ஆளுக்கொரு மிஷின் கையில் கொடுத்திருக்கிறார்கள் என்று தீபாவளி சமயத்தில் சொன்னேன் இல்லையா, போன் மாதிரியே இருக்கும், கொஞ்சம் கனம். பத்தொன்பது வருஷமாகக் கடை கடையாகப் போய் நோட்டில் ஆர்டர் எழுதியவள் நான், இனி அதில்தான் போட வேண்டுமாம். முதல் தடவை ஒவ்வொரு கடை வாசலிலும் நின்று ஒரு பட்டனை அழுத்துங்கள், கடை எங்கே இருக்கிறது என்று அது குறித்துக்கொள்ளும் என்று எங்கள் ஆபீசர் கிருஷ்ணப்பிரியா சொல்லிக்கொடுத்தாள். உன்னைவிட இரண்டு வயது சின்னவள், நல்ல பெண். அது கடை தெரியாதவர்களுக்குச் சொல்வது என்று நான் எடுத்துக்கொண்டேன். நெமிலிச்சேரி முதல் முத்தாபுதுப்பேட்டை வரை என் நாற்பத்தாறு கடையும் எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, குழம்பைக் கொதிக்கவிட்டு, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தபடியே நாற்பத்தாறையும் அழுத்தி முடித்துவிட்டேன். உன் அப்பா வேறு கெட்டிக்காரி என்றார்.

திங்கட்கிழமை போனால், நீங்கள் கடையில் இல்லை என்கிறது மிஷின். கடைக்காரர் எதிரே நிற்கிறார், நான் இல்லையாம்! எல்லாக் கடையிலும் இதே பாட்டு. வீட்டுக்கு வந்து திறந்தால் சமத்தாக வேலை செய்தது. ரோட்டுத் தூசி அதற்கு ஆகவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, கடையில் பழையபடி நோட்டில் எழுதி வந்து வீட்டில் ஏற்றினேன். பதினோரு வாரம் இப்படியே ஓடியது, சரக்கும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்டால் வயசாகிவிட்டது என்பார்களே என்ற வீம்பு எனக்கு.

போன மாதம் கூப்பிட்டார்கள். ஹெட் ஆபீஸ் மேப்பில் நாற்பத்தாறு கடையும் நம் வீட்டின் மேல் குவிந்து கிடக்கிறது. இந்த அம்மா வீட்டிலிருந்தபடி போனில் ஆர்டர் வாங்கிக்கொண்டு கடைக்குப் போனதாகப் பொய் சொல்கிறாள், இந்த நாற்பத்தாறு கடை லைனை வேறு ஆளுக்குக் கொடுங்கள் என்று உத்தரவு. நோட்டைக் காட்டினேன், நோட்டில் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றார்கள். மிஷினை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஒன்பது நாள் வீட்டில் கிடந்தேன் ஆன்சன். அப்பா எதிரில் அழக்கூடாது என்று தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

கிருஷ்ணப்பிரியாதான் விடவில்லை. நேரில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று மேலே சண்டை போட்டு, என்னைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு கடை கடையாக வந்தாள். இந்த அம்மா நிஜமாகவே வருவார்களா என்று அவள் கேட்டதும் முத்தாபுதுப்பேட்டை கடைக்காரர் கன்னியப்பனுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. இன்னா மேடம் இப்டி கேக்குறீங்கோ, வாரா வாரம் கரெக்டா வந்து, பின்னாடி கீற மொளகாத்தூள எட்த்து முன்னாடி வெச்சிட்டு, அந்த மிஷின வாய்க்கு வந்தபடி திட்டிகினுதான் போவுது, எங்க ஊட்டுக்காரி அத கேக்கவே வெளிய வந்து நிப்பா என்றார். கிருஷ்ணப்பிரியா வண்டியில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு நாளில் நாற்பத்தாறு வாசலிலும் என்னை நிறுத்தி அழுத்த வைத்தாள். லைன் என்னிடமே இருக்கிறது.

அந்த ஒன்பது நாளும் நீ போன் செய்தாய், நானும் நல்லா இருக்கேன் என்றே சொன்னேன். நீ கவலைப்படுவாய் என்று மறைக்கவில்லை. சந்தோஷப்பட்டுவிடுவாயோ என்றுதான் பயந்தேன். நல்லதாப் போச்சும்மா, விட்டுட்டு இங்க வந்துடு என்பாய். பாசத்தில்தான் சொல்வாய், எனக்குத் தெரியாதா. இருந்த நிலைமையில் நானும் சரி என்றிருப்பேன், பொய்க்காரி என்ற பெயரோடு உன் வீட்டில் வந்து உட்கார்ந்திருப்பேன். அதனால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன் கண்ணா. இனி வேலையில் ஒரு சங்கடம் என்று நான் சொன்னால், எடுத்ததும் விட்டுடு என்று சொல்லாதே. என்ன ஆச்சும்மா என்று கேள்.

மாதா உனக்கு எப்போதும் துணையிருக்கட்டும். காதை மூடிக்கொண்டு வெளியே போ, பூசையைத் தவறவிடாதே.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா
ஜெயசீலி அந்தோணிராஜ்