கிருபா என்ற பெயரில்

குற்றாலம்
8.7.2025

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கன சாரல் விடாமல் விழுகிறது. நம்ம ஐந்தருவிக் கடையில் ரம்புட்டான் பழம் நன்றாக விற்குது. வீட்டில் இருக்கிற ஒரே போனைப் பிள்ளை கையில் படாமல் அணைத்து அரிசிப் பானைக்குள் ஒளித்துவிட்டேன், அதனால்தான் கடிதம்.

நம்ம பிள்ளை ஷெர்லின் ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. பள்ளிக்கூடம் போகப் பயப்படுறா. அதட்டிக் கேட்டதும் சொன்னாள். இன்ஸ்டாகிராமில் கிருபா என்று ஒரு சிநேகிதியாம். 'சாப்பிட்டியா, படிச்சியா' என்று கேட்பாளாம். அது போகட்டும். இப்போது வேறொருவன் எழுதுகிறான்: 'நேத்து பஸ் ஸ்டாப்ல மஞ்சள் குடையோட நின்னே.' பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு எப்படிக் கணக்குக் கொடுத்தார்கள் என்று கேட்டால், 'பதினெட்டுன்னு போட்டேன், எடுத்துக்கிடுச்சு' என்கிறாள்.

என்ன செய்யட்டும், உடனே எழுதுங்கள்.

உங்கள்
ஜெபமலர்

கோயம்புத்தூர்
12.7.2025

அன்புள்ள மலருக்கு,

பக்கத்து வீட்டுப் போனுக்குக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் இதைச் சொல்ல வாய் வராது. அந்தக் கிருபா நான்தான். பிள்ளை என்ன செய்கிறாள் என்று தூரத்திலிருந்து பார்த்துக்கொள்ளத்தான் பெண் பெயரில் கணக்குத் திறந்தேன். நாற்பத்தாறு வயதுக்காரன் சின்னப் பெண்ணாக மாற இரண்டு நிமிடம்தான் ஆனது. நீ யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதே வழியில் யார் வேண்டுமானாலும் வரலாம்.

மற்றவன் நான் இல்லை, மலர். ஆனால் அவள் வீடியோவுக்குக் கீழே, 'எட்டு மணி பஸ்ஸுக்குக் குடை கொண்டு போ' என்று எழுதியது நான். எல்லார் கண்ணிலும் படும் என்று தோன்றவில்லை.

உடனே போலீசில் எழுதிக் கொடு. அடுத்த சனிக்கிழமை வருகிறேன். அவளிடம் நீயே பக்குவமாகச் சொல்லு.

ஜஸ்டின்

குற்றாலம்
16.7.2025

அத்தான்,

தென்காசியில் புகார் கொடுத்தாயிற்று. அந்த ஆளின் கணக்கு இப்போது காணோமாம். வேறு பெயரில் வருவானா என்றேன். வரலாம் என்றார்கள். சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்கே கூடாதென்று சட்டம் போட்டால்தான் இது அடங்கும் என்றார் ஒரு பெண் போலீஸ். காலையில் நானே அவளை பஸ் ஏற்றிவிடுகிறேன். அங்கே நிற்கிற ஒவ்வொரு முகத்தையும் பார்க்கிறேன், இவனா, இவனா என்று.

கிருபா யாரென்று சொன்னேன். ஷெர்லின் அழவில்லை. 'ஒங்கிட்ட சொல்லாததெல்லாம் அவட்ட சொன்னேம்மா' என்றாள். உங்கள் கடிதத்தைக் கையில் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்: 'இது அப்பா எழுதுனதுதான்னு ஒனக்கு எப்படித் தெரியும்?'

சனிக்கிழமை வாருங்கள். வாசலில் நின்று அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டாம், யார் குரலையும் அவள் இப்போது நம்புவதில்லை. நான் வந்து திறக்கிறேன்.

ஜெபமலர்