பெங்குவின் சொன்ன சனிக்கிழமை

ஆடி 9, திங்கள்

விடியலேர்ந்து மழை. காளிகாட் சந்தில் முழங்கால் தண்ணி. வேலைக்காரி மட்டம்.

இவர் திதிக்கு நாள் பாக்கணும். ஊர்லேர்ந்து வர பஞ்சாங்கம் இந்த வருஷம் தபால்ல எங்கேயோ போச்சு. அதான் பஞ்சாங்க சி.டி. இருக்கேங்கறா பேத்தி வித்யா. கம்ப்யூட்டர் படிக்கறாளாம். வைரஸ் வந்ததுன்னு ஆத்து மிஷின்ல விண்டோஸை எடுத்துட்டு லினக்ஸ்னு ஒண்ணு போட்டு வெச்சிருக்கா. திறந்தா ஒரு பெங்குவின். யார் கேட்டா இதை.

சி.டி.யைப் போட்டா தமிழ் எழுத்தெல்லாம் வெறும் கட்டம். "தூர் பாட்டி, ஃபாண்ட் இல்லை, அவ்ளோதான்." எதுக்கெடுத்தாலும் பெங்காலிப் பொண்ணுகள் மாதிரி ஒரு தூர்.

ஆடி 10, செவ்வாய்

எழுத்து வந்துடுத்து. இவர் திதி தசமி, அது சனிக்கிழமைன்னு காட்டறது.

சாயங்காலம் பிள்ளை ரமணி ஆபீஸ்லேர்ந்து வந்தான். அதே சி.டி.யைக் கொண்டுபோய் அங்கே விண்டோஸ்ல போட்டுப் பாத்தானாம். ஞாயித்துக்கிழமையாம். ஆபீஸ் மிஷின் பொய் சொல்லாதுங்கறான். விண்டோஸே பொய்தான்ப்பாங்கறா பொண்ணு. தோசை ஆறிப்போச்சு. எல்லா மிஷின்லயும் ஒரே மாதிரி ஓடும்னு அட்டையில போட்டிருக்காம். ஓடறது. ஆளுக்கொரு பக்கம்.

ஆடி 11, புதன்

வாங்க வேண்டியது: கறுப்பு எள், வாழைக்காய், வெல்லம்.

திதி பண்ணி வைக்கற வாத்தியார் கரக்பூர்ல, போன்ல பிடிக்க முடியலை. பஞ்சாங்கமும் அவரோட. எந்த நாள்னு நாளைக்குள்ள சொல்லலைன்னா வேற ஆத்துக்கு ஒத்துண்டுடுவாராம், அவராத்து மாமி சொல்லிட்டா.

நாள் தப்பினா இவர் பசியோட வந்து பசியோட திரும்புவார். இதுகளுக்கு அது புரியலை. இன்னமும் எந்த மிஷின் ஒசத்தின்னு சண்டை.

பஞ்சாங்கம் இருக்கறது இன்னொரு எடத்துல, ஜாதவ்பூர்ல ராஜம் ஆத்துல. இவர் தங்கை. ரமணி கல்யாணத்துல, எங்க மன்னிக்குப் படிப்பு ஏறலைன்னு என்னைப் பத்தி சம்பந்தி கிட்ட சொன்னவ. அன்னிக்கு அரக்குப் புடவை, கையில வெத்தலை. சிரிச்சுண்டே சொன்னா. அதோட பேச்சு நின்னுது. அவகிட்ட போய் நாள் படிச்சுச் சொல்லுன்னு கேக்கணுமா.

ஆடி 12, வியாழன்

கேட்டுட்டேன். போன்ல.

நான்தான்னேன். விஷயத்தைச் சொன்னேன். பக்கம் புரட்டற சத்தம் கூட இல்லை.

"ஞாயித்துக்கிழமை மன்னி. அப்பவே பாத்து வெச்சுட்டேன்."

திதிக்கு வான்னு சொல்லிட்டேன். வாயில வந்துடுத்து.

மாமிக்குச் சொல்லியாச்சு. அப்புறம்தான் வித்யா கண்டுபிடிச்சா, லினக்ஸ் போட்டப்போ எந்த ஊர்னு போடலையாம், அது பாட்டுக்கு லண்டன் நேரத்தை எடுத்துண்டிருக்கு. காளிகாட்ல உக்காந்துண்டு லண்டன் சூரியனுக்கு நாள் பாத்திருக்கு சனியன். ரமணி மூஞ்சியில பெருமை, சகிக்கலை.

ஆடி 15, ஞாயிறு

மழை விட்டிருக்கு. திதி நன்னா ஆச்சு. ராஜம் காலம்பறயே வந்து வாழைக்காய் நறுக்கினா. பழசை அவளும் எடுக்கலை, நானும் எடுக்கலை. மறந்துட்டேன்னு இல்லை.

வித்யா மிஷினைக் காட்டினா, ஊர் பேர் போட்டாச்சு அத்தைப்பாட்டி, இனிமே தப்பாதுன்னு. ராஜம் தலையாட்டிண்டா. வாசல்ல செருப்பைப் போட்டுண்டே, அடுத்த வருஷம் இதுவே சொல்லிடும் போலிருக்கே மன்னின்னா.

அது கிடக்கு, நீ பாத்து வைன்னேன்.